குப்பிக்குள் இருக்கும் மரவட்டை எப்போது புதிய சிற்றினம் ஆகிறது?

சென்னைக் கல்லூரி ஒன்றில் முதுகலை விலங்கியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் துறையின் பின்னறை அலமாரியில் பழைய கண்ணாடிக் குப்பிகள் இருக்கின்றன. பதினைந்து, இருபது குப்பிகளில் மரவட்டைகள். சீட்டில் ஊரும் ஆண்டும் எழுதியிருக்கிறது, சிலவற்றில் சேகரித்தவர் பெயரும் இருக்கிறது. உயிரியின் பெயர் மட்டும் எதிலும் இல்லை. காட்டுக்கே போகாமல் இவற்றை வைத்துப் புதிய சிற்றினம் ஒன்றை அறிவிக்க முடியுமா? யாரோ எப்போதோ பிடித்துப் போட்டதை நாங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்வது நியாயமா?"

முடியும். நியாயமும்தான். நான் பல ஆண்டுகளாக மரவட்டைகளோடு வேலை செய்கிறவன். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். யாரும் கேட்காததாலேயே எத்தனையோ குப்பிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நியாயத்தை முதலில் பார்த்துவிடலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி எழுதியவர் என்றே நம்மில் பலர் அவரை அறிவோம். அவர் தென்னிந்தியாவின் பல இடங்களிலிருந்து மரவட்டைகளையும் பூரான்களையும் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார். அங்கே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த ஆர். ஐ. போகாக் அவற்றை ஆராய்ந்தார். இலங்கையிலிருந்து இ. இ. கிரீன் அனுப்பியிருந்தவற்றோடு சேர்த்து, 1892இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் விவரித்தார். அதாவது, நம் ஊர் மரவட்டைகள் பலவற்றுக்குப் பெயர் கிடைத்ததே குப்பிகள் வழியாகத்தான். பிடித்தவர் ஒருவர், பிரித்துப் பார்த்துப் பெயரிட்டவர் இன்னொருவர். இந்தத் துறை அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. கட்டுரையில் சேகரித்தவரின் பெயர் மாதிரியின் விவரத்தோடு அச்சாகும், பெயரிட்டவரின் பெயர் சிற்றினப் பெயருக்குப் பின்னால் நிற்கும். இருவருக்கும் உரியது இருவருக்கும் போய்ச் சேர்கிறது.

காத்திருப்பதும் இங்கே வழக்கமான சங்கதி. ஓர் உயிரி முதன்முதலில் சேகரிக்கப்பட்ட நாளுக்கும் அதற்குப் பெயர் கிடைக்கும் நாளுக்கும் இடையே எவ்வளவு காலம் ஓடுகிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2012இல் வெளியிட்டார்கள். சராசரியாக 21 ஆண்டுகள். உலகில் இதுவரை 12,000க்கு மேற்பட்ட மரவட்டைச் சிற்றினங்களுக்குப் பெயர் இருக்கிறது. மொத்தம் 80,000 வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. இந்தியாவுக்கென்று 2016இல் வந்த பட்டியலில் ஏறத்தாழ 270 சிற்றினங்கள் இருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்குத் தொடர்ச்சி மலை, வடகிழக்கு எல்லாம் சேர்ந்த ஒரு நாட்டுக்கு இது மிகமிகக் குறைவு. உங்கள் அலமாரியில் பெயரில்லாத ஒன்று இருக்க வாய்ப்பு உண்டு என்று நான் நம்புவது இதனால்தான்.

ஆனால் "பெயர் எழுதப்படாதது" வேறு, "பெயரிடப்படாதது" வேறு. உங்கள் குப்பிச் சீட்டில் பெயர் இல்லை என்றால், பிடித்தவருக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள். அது உலகுக்கே புதியதா என்பதைக் குப்பியைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே பெயர் பெற்ற அதன் உறவுகள் ஒவ்வொன்றோடும் வைத்துப் பார்த்த பிறகே சொல்ல முடியும். வேலை முழுவதும் இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது.

முதலில் உயிரியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரவட்டையின் உடல் வளையங்களால் ஆனது. தலைக்கு அடுத்து, கழுத்துப்பட்டை போல இருக்கும் முதல் வளையத்தில் கால் கிடையாது. அடுத்த மூன்றில் ஒவ்வோர் இணை. அதற்குப் பிறகு வளையத்துக்கு இரண்டு இணை, ஏனென்றால் அந்த வளையம் ஒவ்வொன்றும் இரண்டு கண்டங்கள் ஒட்டி ஒன்றானது. பூரானுக்கு எப்போதும் கண்டத்துக்கு ஓர் இணைதான். ஆயிரங்கால் பூச்சி என்று பெயர் இருந்தாலும், உண்மையிலேயே ஆயிரத்தைத் தாண்டிய ஒன்று 2021இல்தான் அறிவிக்கப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்துக்கு அடியில் 60 மீட்டர் ஆழத்தில் கிடைத்த யூமில்லிபிஸ் பெர்செபோனி என்னும் அந்த நூல் போன்ற உயிரிக்கு 1,306 கால்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் அடையாற்றுச் சுற்றுச்சுவர்களில் ஊர்வதை, தொட்டால் சுருண்டுகொள்வதை, பிள்ளைகள் ரயில் பூச்சி என்று அழைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூரை வீடுகளில் மழைக்காலத்தில் கூட்டமாகத் தங்கும் ஒன்று உண்டு, கருத்த உடலில் முதுகு நெடுகச் சிவப்புப் பட்டை ஓடும். ஜெனோபோலஸ் கார்னிஃபெக்ஸ் என்பது அதன் பெயர். உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை நிறுவிய லின்னேயஸின் மாணவரான ஃபாப்ரீஷியஸ் 1775இலேயே அதை விவரித்துவிட்டார். உங்கள் குப்பிகளில் பாதி இப்படி நன்கு தெரிந்தவையாகவே இருக்கும். அதில் மனம் தளர ஒன்றுமில்லை. அவற்றை நீக்கிய பின் மீதமிருப்பதில்தான் நம் வேலை ஆரம்பமாகிறது.

ஆரம்பநிலையில் எல்லோரும் நிறத்தைப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆல்கஹாலில் சிவப்பும் மஞ்சளும் மங்கிவிடும். சில ஆண்டுகளில் எல்லாமே பழுப்பு. உயிருடன் பிடித்தபோது அவை கசியவிட்ட தற்காப்புச் சுரப்பும் திரவத்தைக் கறுக்க வைத்திருக்கும். உருளையாக இருக்கும் பெரிய மரவட்டைகளைக் கையில் எடுத்தால் விரலில் படியும் பழுப்புக் கறை அந்தச் சுரப்பில் உள்ள பென்சோகுயினோன்களால் வருவது. தட்டை முதுகு மரவட்டைகள் ஹைட்ரஜன் சயனைடையே வெளியிடுகின்றன. ஆகவே குப்பியில் தெரியும் நிறத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். நீளமும் அப்படித்தான். ஒரே சிற்றினத்தில் பெண் தடித்தும் ஆண் மெலிந்தும் இருக்கும், குட்டிகளுக்கு வளையங்களே குறைவு. தட்டை முதுகு மரவட்டைகள் ஒவ்வொரு தோலுரிப்பிலும் வளையங்களைக் கூட்டிக்கொண்டே வளர்கின்றன. வால் நுனியையும் சேர்த்து எண்ணினால் 7, 9, 12, 15, 17, 18, 19 என்று ஏறி, பலவற்றில் 20 வளையங்களோடு முதிர்ச்சி அடைகின்றன. பத்தொன்பது வளையம் உள்ள குட்டியை வைத்துக்கொண்டு புதிய சிற்றினம் என்று எழுதிவிடும் ஆபத்து நிஜமானது.

எதைத்தான் நம்புவது? முதிர்ந்த ஆணின் ஏழாம் வளையத்தை. பெரும்பாலான மரவட்டைகளில் அந்த வளையத்தின் கால்கள் நடக்கப் பயன்படுவதில்லை. இனச்சேர்க்கைக்கென்றே உருமாறியிருக்கும். துறையில் கோனோபாட் என்பார்கள், நான் மாணவர்களிடம் கலவிக்கால் என்று சொல்வேன். ஆணின் விந்து வெளிவருவது இரண்டாம் இணைக் கால்களின் அடியில். அங்கிருந்து அதைக் கலவிக்காலில் ஏற்றிக்கொண்டு பெண்ணிடம் சேர்க்கிறது. தட்டை முதுகு வகையில் ஏழாம் வளையத்தின் முன் இணை மட்டும் இப்படி மாறியிருக்கும், பின் இணை சாதாரணக் கால். கூரையில் பார்க்கிற உருளை வகைகளில் இரண்டு இணைகளுமே நடைக்கால் உருவை இழந்து உடலுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். பக்கவாட்டில் பார்த்தால் கால் வரிசையில் ஒரு பல் விழுந்த இடம்போல வெற்றிடம் தெரியும். அது தெரிந்தால் ஆண். மலைக்காடுகளில் பந்துபோல் உருண்டுகொள்ளும் ஆர்த்ரோஸ்பேரா போன்றவை இதற்கு விலக்கு. அவற்றில் உருமாறிய கால்கள் உடலின் கடைசியில் இருக்கும்.

அந்தக் கலவிக்காலை நுண்ணோக்கியில் முதல் முறை பார்த்த நாள் எனக்கு மறக்காது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருந்த இரண்டு பழுப்பு மரவட்டைகள். ஒன்றின் கலவிக்கால் அரிவாள்போல வளைந்து நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது. மற்றொன்றில் நடுவே ஓர் இலை போன்ற மடிப்பு, அதன் ஓரத்தில் வரிசையாகப் பற்கள். அரை மில்லிமீட்டர் இடத்துக்குள் ஒரு பொற்கொல்லர் உட்கார்ந்து செய்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு சிற்றினத்துக்கும் இந்த வடிவம் தனித்தன்மை உடையது. அதனால்தான் நூறாண்டுக்கு மேலாக மரவட்டை வகைப்பாடு இந்த ஓர் உறுப்பைச் சுற்றியே நடக்கிறது.

அதைப் பிரித்தெடுப்பது பொறுமையும் பழக்கமும் வேண்டிய கைவேலை. கடிகாரம் பழுதுபார்ப்பவர் வைத்திருக்கிற மிக நுனியான சாமணம் இரண்டு, நுண்ணிய ஊசி ஒன்று, கிளிசரின், ஆழம் குறைந்த கண்ணாடிக் கிண்ணம். உடலை ஏழாம் வளையத்துக்கு முன்னும் பின்னும் மெல்லக் கழற்றினால் வேலை எளிது. சில வகைகளில் கழற்றாமலே அடியிலிருந்து எடுக்க முடியும். ஒரு பக்கத்துக் கலவிக்காலை மட்டும் எடுங்கள், மறுபக்கத்தை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். பின்னால் வருகிறவருக்கு அது உடலோடு எப்படிப் பொருந்தியிருந்தது என்று தெரிய வேண்டும். எடுத்த துண்டைச் சிறு கண்ணாடிக் குழாயில் போட்டு, பஞ்சடைத்து, அதே குப்பிக்குள் வையுங்கள். தனிக் குப்பியில் வைத்தால் பத்து ஆண்டில் உடலும் உறுப்பும் வேறு வேறு அலமாரிகளுக்குப் போய்விடும். குப்பியில் ஒரே ஓர் ஆண்தான் இருக்கிறது என்றால், வேறு மாதிரிகளில் கை பழகும்வரை அதைத் தொடாதீர்கள். பெண்களிலும் குட்டிகளிலும் வெட்டிப் பழகலாம். எனக்கு அப்படித்தான் பழக்கினார்கள்.

வரைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று கணினியில் அடுக்கடுக்காகப் படம் சேர்த்து அருமையான ஒளிப்படங்கள் எடுக்கலாம், தங்கம் பூசி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஆனாலும் பென்சிலால் வரையுங்கள். வரையும்போதுதான் எந்த மடிப்பு எதற்குக் கீழே போகிறது என்று கண் தேடும். ஒளிப்படத்தில் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம். உங்கள் படத்தை எதனோடு ஒப்பிடுவது? போகாக் எழுதியவை, அவருக்குப் பின் இத்தாலியரான சில்வெஸ்ட்ரி எழுதியவை, ஆஸ்திரியரான கார்ல் அட்டெம்ஸ் இந்திய மரவட்டைகளைப் பற்றி 1936இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் வெளியீட்டில் எழுதிய பெரிய தொகுப்பு, அதன் பின் இன்றுவரை வந்த கட்டுரைகள். பழையவற்றில் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. என் மாணவப் பருவத்தில் இதற்காகக் கன்னிமாரா நூலகத்திலும் வேறு நூலகங்களிலும் நாள்கணக்கில் காத்திருப்போம். உங்களுக்கு அந்தத் தடை இல்லை.

தடை வேறு இடத்தில் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு விவரிப்புகள் பல பத்து வரிக்குள் முடிந்துவிடும். "கருநிறம், கால்கள் மஞ்சள், நீளம் இவ்வளவு." கலவிக்காலின் படம் இருக்காது. சில வேளை பெயர் வைத்தவரிடம் இருந்ததே பெண் மட்டுமாக இருக்கும். அப்படிப்பட்ட பெயரை உங்களால் ஏற்கவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது. அதே பகுதியில் அதே பேரினத்தில் அப்படி ஒரு பெயர் நின்றால், உங்கள் 'புதியது' அதுவாகவே இருக்கக்கூடும். அதற்கு ஒரே வழி, அந்தப் பெயருக்கு ஆதாரமாக அன்று வைக்கப்பட்ட வகைமாதிரியைப் பார்ப்பது. அது லண்டனிலோ வியன்னாவிலோ கொல்கத்தாவிலோ இருக்கும். நேரில் போக முடியாதபோது அங்குள்ள பொறுப்பாளருக்கு எழுதிக் கேட்டால், பெரும்பாலும் படம் எடுத்து அனுப்புவார்கள். பணிவாக, சரியான பதிவு எண்ணோடு, என்ன கோணத்தில் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்.

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தட்டை முதுகு மரவட்டையை நான்கு மாதம் வரைந்தேன். எந்தப் பழைய படத்தோடும் பொருந்தவில்லை. கட்டுரையைக்கூட எழுதி முடித்துவிட்டேன். அனுப்புவதற்கு முன் ஓர் இரவு அட்டெம்ஸின் தொகுப்பைக் கடைசியாக ஒரு முறை புரட்டியபோது ஒரு படத்தில் கண் நின்றது. அவர் கலவிக்காலை உட்புறத்திலிருந்து வரைந்திருந்தார், நான் வெளிப்புறத்திலிருந்து வரைந்திருந்தேன். என் மாதிரியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அதே உயிரி. கட்டுரையை மேசை இழுப்பறையில் வைத்தேன். வருத்தம்தான். ஆனால் அனுப்பியிருந்தால் ஒரே உயிரிக்கு இரண்டு பெயர் உண்டாகி, அதைச் சரிசெய்ய இன்னொருவர் தன் காலத்தைச் செலவழிக்க நேர்ந்திருக்கும். அன்று முதல் எந்தப் படத்தைப் பார்த்தாலும் எந்தப் பக்கத்திலிருந்து வரைந்தது என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது சீட்டு. இதை நான் உறுப்புக்கு நிகராக வைப்பேன். ஓர் உயிரியின் பெயரோடு அது கிடைத்த இடமும் என்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். இடம் தெரியாவிட்டால், அதே மரவட்டையை மறுபடி தேடிப் போக யாராலும் முடியாது.

சென்னையில் வேலை செய்கிறவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு: "மெட்ராஸ்". 1947க்கு முந்தைய சீட்டில் மெட்ராஸ் என்று மட்டும் இருந்தால், அது இந்த நகரமாக இருக்கலாம், அல்லது வடக்கே கஞ்சம் முதல் மேற்கே மலபார் வரை பரந்திருந்த மெட்ராஸ் மாகாணத்தில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். மாதிரிகள் எழும்பூரிலிருந்து அனுப்பப்பட்டன என்பதற்காகவே பெறுகிறவர் மெட்ராஸ் என்று எழுதி வைத்திருக்கவும் கூடும். நான் பார்த்த ஒரு குப்பியில் அப்படித்தான் மெட்ராஸ் என்று இருந்தது. உள்ளே இருந்ததோ ஈர மலைக்காட்டு வகை. நகரத்தின் மணல் நிலத்தில் அது பிழைத்திருக்கவே முடியாது. குப்பியின் அடியில், பஞ்சுக்குக் கீழே, மடித்து ஒட்டிக்கொண்டிருந்த இரண்டாவது சீட்டு ஒன்று கிடைத்தது. சுடுநீர் ஆவியில் காட்டி மெல்லப் பிரித்ததும் பென்சிலில் "ஷெவராய்ஸ், 4500 அடி" என்று இருந்தது. சேர்வராயன் மலை, ஏற்காட்டுப் பக்கம். அந்த ஒற்றை வரி இல்லாவிட்டால் அந்த மாதிரியால் பயனே இருந்திருக்காது. உதகமண்டலம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி எல்லாம் பழைய சீட்டுகளில் ஆங்கிலேயர் உச்சரித்தபடி இருக்கும். பழனி மலை என்று இருந்தால் கொடைக்கானல் பக்கம் என்று பொருள், கோயில் மலையை நினைத்துவிடக் கூடாது. உயரம் அடியில் இருக்கும். கட்டுரையில் சீட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். உங்கள் விளக்கத்தைத் தனியாக எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு எது சேகரித்தவர் சொன்னது, எது நீங்கள் ஊகித்தது என்று தெரியாமல் போகும்.

வேறொரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், கட்டடம் மாறியபோது குப்பிகளை அழகுபடுத்த நினைத்தார்கள். உள்ளே கிடந்த பழுப்பேறிய சீட்டுகளை எடுத்துவிட்டு, வெளியே புதிய எண் ஒட்டினார்கள். எண்ணுக்குரிய பதிவேடு அந்த மாற்றத்திலேயே தொலைந்தது. அங்கே ஒரு குப்பியில் பதினோரு ஆண்கள் இருக்கின்றன. கலவிக்கால் நான் அறிந்த எதனோடும் பொருந்தவில்லை. உறுதியாகவே சொல்கிறேன், அவை புதியவை. ஆனாலும் நான் பெயரிடவில்லை. அவை எங்கே வாழ்ந்தன என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. விதிப்படி பெயரிடத் தடை இல்லை. என் மனம் ஒப்பவில்லை. உங்கள் அலமாரியில் இந்த நிலை வரக் கூடாது என்பதற்காகத்தான் சீட்டைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

மரபணு ஆய்வு செய்யாமல் இன்று ஒப்புக்கொள்வார்களா என்றும் உங்கள் மனதில் கேள்வி இருக்கும். ஒப்புக்கொள்கிறார்கள். மரவட்டைகளில் கலவிக்காலின் வடிவமே வலுவான சான்று. ஃபார்மலினில் கிடந்த மாதிரியில் மரபணு சிதைந்திருக்கும். பழைய ஆல்கஹால் மாதிரிகளிலும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். புதிய மாதிரி கிடைத்தால் செய்யலாம், இல்லாததைக் குறையாக நினைக்க வேண்டாம். வெட்டாமல் உள்ளே பார்க்கும் நுண் சி.டி. வருடியும் வந்துவிட்டது. 2015இல் ஸ்பெயினைச் சேர்ந்த ஒம்மடோயூலஸ் அவதார் என்னும் மரவட்டையை விவரித்தபோது அதன் முப்பரிமாணப் படத்தையும் சேர்த்தே வெளியிட்டார்கள், எந்த ஊரிலிருந்தும் திறந்து திருப்பிப் பார்க்கலாம். அவதாரம் என்ற நம் சொல் அங்கே போய்ப் பெயராக உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

மாதிரியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கைத் தேய்த்துக் கழுவும் முன் ஒரு முறை நுண்ணோக்கியில் பாருங்கள். அமெரிக்க மரவட்டை ஒன்றின் ஒளிப்படம் ட்விட்டரில் வந்தபோது அதன் மேல் இருந்த சிறு புள்ளிகள் டென்மார்க்கில் பணிபுரிந்த ஆய்வாளர் ஒருவரின் கண்ணில் பட்டன. அவர் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய குப்பிகளைத் திறந்து தேடினார். அதே புள்ளிகள் அங்கேயும் இருந்தன. அது மரவட்டையின் மேல் வாழும் ஒரு பூஞ்சை. டிரோக்ளோமைசிஸ் ட்விட்டெரி என்று 2020இல் பெயர் பெற்றது. குப்பியில் இருந்த மரவட்டையைப் பலர் பார்த்திருப்பார்கள். அதன் மேல் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

எழுதும் கட்டம் இவற்றோடு ஒப்பிட்டால் எளிது. விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதித்தொகுப்பு கேட்பவை சில. இது புதிய சிற்றினம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சொல்ல வேண்டும். 1999க்குப் பிறகு, முதன்மை வகைமாதிரி எது என்று, வழக்கமாக ஒரே ஒரு மாதிரியை, சுட்டி, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்பட்டிருக்கிறது என்றும் எழுத வேண்டும். அந்த ஒரே மாதிரியை ஹோலோடைப் என்பார்கள், கூட இருக்கும் மற்றவை பாராடைப். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஸூபேங்கின் பதிவு எண் அவசியம், 2012 முதல் இந்த வழி திறந்திருக்கிறது. ஹோலோடைப்பாகக் கலவிக்கால் முழுதாக இருக்கும் நல்ல ஆணையே தேர்ந்தெடுங்கள். பெயர் எந்த மொழிச் சொல்லாகவும் இருக்கலாம், இலத்தீன் எழுத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான். மலையின் பெயரையோ சேகரித்தவரின் பெயரையோ வைப்பது எனக்குப் பிடித்தது. யாரென்றே தெரியாத ஒருவர் ஒரு மழைநாளில் குனிந்து எடுத்துப் போட்டதால்தான் இது நம் கைக்கு வந்திருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் ஒன்றையும் மறந்துவிடாதீர்கள். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, புதிய உயிரினத்தைக் கண்டறிந்தவர் அதை அரசு அறிவித்த களஞ்சியத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு அத்தகைய களஞ்சியம் இந்திய விலங்கியல் ஆய்வகம். அதன் தென்மண்டல மையம் நம் சாந்தோம் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. கல்லூரி அலமாரியிலேயே ஹோலோடைப் இருக்கட்டும் என்று ஆசையாக இருக்கும். வேண்டாம். அறுபது ஆண்டு கழித்து யாரோ ஒருவர் அதைக் கேட்டு எழுதுவார், அன்று எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிற இடத்தில் அது இருக்க வேண்டும்.

ஒரே ஓர் ஆணை வைத்து எழுதலாமா என்றால், எழுதியிருக்கிறார்கள், இன்றும் எழுதுகிறார்கள். பேரினத்தின் மற்ற சிற்றினங்கள் எல்லாம் நன்கு தெரிந்தவையாக இருந்து, வேறுபாடு பெரிதாகவும் இடம் தெளிவாகவும் இருந்தால் நானும் எழுதுவேன். வேறுபாடு ஒரு பல்லின் நீளத்தில் மட்டும் இருந்தால் காத்திருப்பேன். சீட்டில் உள்ள இடத்துக்கு அடுத்த மழைக்காலத்தில் வனத்துறை அனுமதியோடு போய்த் தேடிப் பார்ப்பேன். காட்டுக்கே போகாமல் முடியுமா என்று கேட்டீர்கள். முடியும்தான். ஆனால் குப்பியில் பார்த்த உயிரி அதே மலையில் இலைச் சருகுக்கு அடியில் ஊர்வதைப் பார்க்க வாய்ப்பு இருக்கும்போது ஏன் விட வேண்டும்?

இந்த வாரமே செய்ய வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு குப்பியின் சீட்டையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், குப்பியின் அடியையும் பஞ்சையும் பாருங்கள். திரவம் குறைந்திருந்தால், ஆல்கஹாலா ஃபார்மலினா என்று தெரிந்துகொண்ட பிறகே நிரப்புங்கள். ஃபார்மலினை ஜன்னல் திறந்த அறையில், கையுறையோடுதான் கையாள வேண்டும். ஆல்கஹால் என்றால் 70 முதல் 80 சதவீத எத்தனால் போதும். முழுக்கக் காய்ந்து போனவற்றின் மேல் ஆல்கஹாலை ஊற்றாதீர்கள், ஒடிந்துவிடும். நீர்த்த டிரைசோடியம் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து, மிருதுவான பின், தண்ணீருக்கும் அடுத்து ஆல்கஹாலுக்கும் படிப்படியாக மாற்ற வேண்டும். புதிய சீட்டு எழுதினால் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள், பழைய சீட்டும் உள்ளேயே இருக்கட்டும். பால்பாயிண்ட் பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

பிறகு ஆண்களைத் தேடுங்கள். கால் வரிசையில் அந்த வெற்றிடம் தெரிகிற ஒன்று கிடைத்தால், ஏழாம் வளையத்தைப் பக்கவாட்டிலும் அடியிலிருந்தும் படமெடுத்துச் சீட்டின் படத்தோடு எனக்கு அனுப்புங்கள். எந்தப் பக்கம் தலை என்று குறித்து அனுப்புங்கள்.